இருபத்து மூன்றாவது படம்

உன் கேமராவில் பாச்சை உருண்டை வாசனை அடிக்கிறது. மூன்று வருஷமாக உன் அக்கா அதை பீரோவில், இஸ்திரி போட்ட உன் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருந்திருக்கிறாள். பையின் ஜிப்பை இழுத்ததும் முதலில் மூக்கில் ஏறியது அதுதான். எனக்கு வந்தது துக்கம் இல்லை, எரிச்சல். லென்ஸ் பக்கத்தில் யாராவது பாச்சை உருண்டை வைப்பார்களா? நம் ஊர் ஈரக் காற்றில் இத்தனை நாள் அடைத்து வைத்தால் பூஞ்சை பிடிக்காதா? ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது. நீ இருந்திருந்தால் "டெக்னிக்கல் ஆளு தோத்துட்டாரு" என்று ஊருக்கே சொல்லியிருப்பாய்.

அக்கா பீர்க்கன்கரணை வீட்டைக் காலி செய்துவிட்டு, உன் அம்மாவோடு சேலையூருக்குப் போனாள். சாமான் கட்டுகிற அன்றைக்கு என்னைக் கூப்பிட்டாள். பாத்திர மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடி பையைக் கையில் கொடுத்தாள்.

"உள்ள ரோல் இருக்குடா. நான் தொறக்கல. தொறந்தா எல்லாம் போயிடும்னு அவன் கத்துவான்ல. கழுவிக் குடுக்கறியா? அவன் படம் ஏதாவது இருக்கும்."

இருக்கும் என்று தலையாட்டினேன். அப்புறம்தான் கேமராவின் மேல்பக்கம், எத்தனையாவது படம் என்று காட்டும் சின்ன வட்டத்தைப் பார்த்தேன். எண் இருபத்து மூன்றில் நின்றிருந்தது. அங்கேயேதான் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேமராவைச் சட்டென்று பைக்குள் தள்ளி ஜிப்பை மூடினேன்.

டிப்ளமோ முடித்த வருஷம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய பழைய கேமரா அது. ஒரு கேமரா, இரண்டு பேர் என்றால் சண்டை வரும் என்று நீதான் சட்டம் போட்டாய். ஒற்றைப்படை எண் என்னுடையது, இரட்டைப்படை உன்னுடையது. ஒருத்தன் எடுத்த பிறகு ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தும் லீவரை இழுக்கக் கூடாது, அடுத்தவன் வாங்கித்தான் இழுக்க வேண்டும். யார் முறை என்ற வாக்குவாதமே வராது, எண்ணைப் பார்த்தால் போதும். ஒரு ரோலில் எனக்குப் பதினெட்டு, உனக்குப் பதினெட்டு. எனக்கு எதை எடுப்பது என்று யோசிக்கப் பொறுமை கிடையாது. முறை வந்ததும் எதிரில் நிற்கிற உன்னையே எடுத்துத் தள்ளிவிட்டுக் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நீ அதை வாங்கிக்கொண்டு கால் மணி நேரம் அலைவாய்.

முதல் ரோலை மாட்டியது நான். திருநீர்மலைப் படிக்கட்டில் ஆரம்பித்து உச்சி வரைக்கும் எடுத்தோம். முப்பத்தாறில் முடிய வேண்டிய ரோல் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று போய்க்கொண்டே இருந்தது. நான் இறுக்கமாக மாட்டியதால் நாலு படம் மிச்சம் கிடைத்திருக்கிறது என்று உன்னிடம் பெருமை அடித்துக்கொண்டேன். கழுவிப் பார்த்தால் மொத்தமும் வெறும் ஃபிலிம். அதன் நாக்கு எதிர்ப்பக்க உருளையில் மாட்டவே இல்லை. லீவரை இழுக்கும்போது உள்ளே ஃபிலிம் நகர்ந்தால் இடது பக்கத்துக் குமிழும் கூடவே சுற்றும். நகராவிட்டால் அது சும்மா நிற்கும், மேலே எண் மட்டும் ஏறிக்கொண்டு போகும். இந்த அடிப்படை விஷயம்கூடத் தெரியாமல் முழு மலையையும் காலிக் கேமராவில் எடுத்து இறங்கியிருந்தோம்.

அன்றைக்கு ஆரம்பித்தது நீ என்னை ஓட்டுவது. என் பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் "குமிழ் சுத்துதா பாரு." திருமுடிவாக்கம் கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போகும்போது, நல்லாப் பண்ணு என்று சொல்லாமல், "குமிழ் சுத்துதான்னு பாத்துட்டு உள்ள போ." நான் ஒரு பெண்ணிடம் பேசிவிட்டு வந்து அவள் சிரித்தாள் என்று சொன்னபோது, "சிரிச்சாங்க சரி. குமிழ் சுத்துச்சா?" அவள் அடுத்த மாதமே வேறொருவனோடு நிச்சயம் செய்துகொண்டாள். சுற்றவில்லைதான்.

அப்புறம் நான் டிஜிட்டலுக்குப் போனேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை, இப்போதும் அப்படித்தான் சொல்வேன். வார நாளில் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்துப் பொருளை அளந்து, தேறாததைச் சிவப்புத் தொட்டியில் போடுகிற வேலை. முகூர்த்த நாளில் கல்யாணப் படம். அதிலும் அதே வேலைதான் செய்தேன். எடுப்பேன், உடனே பின்பக்கத் திரையைப் பார்ப்பேன், தேறாததை அழிப்பேன். நீ மறைமலை நகரில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து எனக்கு ஃப்ளாஷ் பிடிப்பாய். தோளில் நம் பழைய கேமரா தொங்கும். ஃபிலிம் ரோலை நீ விடவே இல்லை. என் முறை வரும்போது மட்டும் என்னிடம் நீட்டுவாய். நான் பார்க்காமலே லீவரை இழுத்து ஒன்றைத் தட்டிவிட்டுக் கொடுப்பேன்.

கடைசி ரோலை நீ மாட்டிய இடம் நினைவிருக்கிறதா? ஊரப்பாக்கத்தில் ஒரு கல்யாணம். உன் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம், ரோல் மாட்டிவிட்டு வருகிறேன் என்றாய். வண்டியிலேயே மாட்டிக்கொள், முகூர்த்தம் போய்விடும் என்று கத்தினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில், பின் சீட்டில், இரண்டு பைகளை மடியில் வைத்துக்கொண்டு மாட்டினாய். ஒவ்வொரு குழிக்கும் என்னைத் திட்டினாய்.

அதற்குப் பிறகு ஆறேழு ஞாயிற்றுக்கிழமைகள். எண் இருபத்து இரண்டுக்கு வந்திருந்தது. அன்றைக்குக் காலையில் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நின்றோம். எனக்கு வீட்டில் ஒரு கல்யாண ஆல்பம் வேலை பாக்கி. நீ தண்ணீரில் நடப்பட்டிருந்த ஒரு கம்பத்தைப் பார்த்துக்கொண்டு, அதில் நீர்க்காகம் வந்து உட்காரும் என்று காத்திருந்தாய். பத்து நிமிஷம். பதினைந்து நிமிஷம். ஒரு வழியாக அது வந்தது, எடுத்தாய், கேமராவை என்னிடம் நீட்டினாய். இருபத்து மூன்று உன்னுடையது, பிடி என்றாய்.

நான் வாங்கவில்லை. சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மழுப்பி என்ன ஆகப்போகிறது.

"யாருக்கும் வேணாத படத்துக்கு எதுக்குடா இவ்ளோ பில்டப்பு? உன்கூட வந்தா என் ஞாயித்துக்கெழமதான் வேஸ்ட்."

லீவரை இழுத்தாய், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாய், அந்த வாக்கியம் முடிவதற்குள் தட்டினாய். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"உன் நம்பர்ல உன் மூஞ்சியவே எடுத்துட்டேன். பெருசா பிரிண்ட் போட்டு உன் கல்யாண மண்டப வாசல்ல வைக்கறேன், இரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது. நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு செய்தி அனுப்பினாய்: "இன்னும் பதிமூணு இருக்கு. ஞாயிறு வர்றியா?" பார்த்தேன். பார்த்ததற்கான நீலக் குறியும் உனக்குப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு கல்யாணம் இருந்தது. அதை எழுதி அனுப்ப அரை நிமிஷம் ஆகாது. அனுப்பவில்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வரும்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் உன் வண்டி விழுந்தது.

உன்னைப் பற்றி யாராவது பேசினால் எனக்கு நினைவு வந்தது ஆஸ்பத்திரி இல்லை. இருபத்து மூன்றுதான். ஒரு கேமராவுக்குள், இருட்டில், என் முகம் ஒன்று இருக்கிறது. உன்னைப் பார்த்து வேஸ்ட் என்று சொல்லிக்கொண்டிருக்கிற முகம். டிஜிட்டலாக இருந்தால் அன்றைக்கே உன் கையிலிருந்து பிடுங்கி அழித்திருப்பேன். இது அழியாது. யாராவது கழுவினால் வெளியே வரும். இப்போது அதைக் கழுவச் சொல்லி அக்காவே கையில் கொடுத்துவிட்டாள். தன் தம்பி முகத்தைப் பார்க்கக் காத்திருக்கிறாள். அவளுக்குக் கிடைக்கப்போவதில் என் முகமும் ஒன்று.

இரண்டு வாரம் மேஜையில் வைத்துக்கொண்டு தொடவில்லை. அக்கா இரண்டு முறை கேட்டாள். ஃபிலிம் கழுவுகிற மருந்து வாங்க வேண்டும் என்றேன், வேலை இருக்கிறது என்றேன். ரோலை லேபில் கொடுத்து வாங்கி, இருபத்து மூன்றை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். அப்படி ஒரு கேவலமான யோசனை வந்ததும்தான் எழுந்து உட்கார்ந்தேன். கேமராவை எடுத்தேன். முறைப்படி நீ எடுத்த பிறகு லீவரை நான்தான் இழுக்க வேண்டும். மூன்று வருஷமாக இழுக்காமல் கிடந்தது. இழுத்தேன். எண் இருபத்து நாலுக்கு வந்தது.

குமிழ் சுற்றவில்லை.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். ஒன்றைத் தட்டி, மறுபடி இழுத்தேன். இருபத்து ஐந்து. இடது பக்கத்துக் குமிழ் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஒருவேளை உள்ளே ஃபிலிம் தளர்ந்திருக்கலாம், அதனாலும் சுற்றாமல் இருக்கலாம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஊகிக்கிற வேலை எனக்கு ஆகாது. பைக் ஜாக்கெட்டை மழைக்கோட்டுக்குள் திணித்து, ஜிப்பை மூடி, கேமராவை நடுவில் வைத்து, இரண்டு சட்டைக்கை வழியாகவும் கைகளை உள்ளே விட்டு, வெளிச்சம் படாமல் பின்கதவைத் திறந்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். இடது பக்கம் டப்பா. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஃபிலிம் நாக்கு. வலது பக்கத்து உருளை மொட்டையாக இருந்தது. ஒரு சுற்றுகூட ஏறவில்லை.

அடப்பாவி. பின் சீட்டில் மாட்டினாயே, மாட்டவே இல்லை. நீர்க்காகம் இல்லை. ஊரப்பாக்கத்துக் கல்யாணம் இல்லை. நான் பார்க்காமல் தட்டிய பதினோரு நீயும் இல்லை. இருபத்து மூன்றும் இல்லை. என்னை ஏழு வருஷம் ஓட்டியவன் ஆறேழு ஞாயிற்றுக்கிழமை ஒருமுறைகூட அந்தக் குமிழைப் பார்க்கவில்லை. நானும்தான் பதினோரு முறை லீவரை இழுத்திருக்கிறேன், பார்க்கவில்லை.

மழைக்கோட்டுக்குள் கையை விட்டபடியே சிரித்தேன். சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்து, இவனுக்கு என்ன ஆச்சு என்று நின்றாள். கை இரண்டும் மாட்டிக்கொண்டிருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. உன்னை ஹாரன் அடித்து விரட்டிய என் அவசரம் முதல் தடவையாக எனக்கே உதவி செய்திருந்தது.

ஆனால் அக்காவிடம் யார் சொல்வது? அவளுக்கு இது சிரிப்பில்லை. தம்பியின் கடைசிப் படங்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாள். சேலையூர் வீட்டுக்குப் போய், பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். படம் எதுவும் பதியவில்லை, ஃபிலிம் ஓடவே இல்லை என்றேன். ஏரிக்கரையில் நான் சொன்னதையும் சொன்னேன். அது இல்லாமல் இதைச் சொல்வது பாதி உண்மையாக இருக்கும்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே எதிர்ப் பெட்டியில் உட்கார்ந்தாள். உன் அம்மா உள்ளே குக்கரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"திருநீர்மலைல நீ பண்ண மாதிரியேவா?"

"அதே மாதிரி."

"உன்ன அவ்ளோ ஓட்டுவானே அதுக்கு." அவள் வாய் கோணியது, அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு சிரிப்பாகவே வந்தது. "ரோல் வீணாப் போச்சா அப்ப?"

"இல்ல அக்கா. வெளிச்சமே படல. முப்பத்தாறும் அப்படியே இருக்கு."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே அது புரிந்தது.

நான் கையோடு கொண்டுபோயிருந்த பழைய நெகட்டிவ் உறைகளை அவளிடம் கொடுத்தேன். ஒற்றைப்படை எல்லாம் நீ. கண்ணை மூடின நீ, தலை வெட்டுப்பட்ட நீ, தாம்பரம் நடைமேடையில் வடை தின்கிற நீ. பொறுமை இல்லாமல் நான் தட்டித் தள்ளியவை. அவள் ஒவ்வொரு துண்டாக விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கறுப்பு வெள்ளை தலைகீழாக, உன் பல் எல்லாம் கறுப்பாக இருந்தது. எல்லாவற்றையும் பிரிண்ட் போடு என்றாள். போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பீர்க்கன்கரணை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே ரோல். இந்த முறை ஆற அமர மாட்டினேன், லீவரை இழுத்தேன், குமிழ் சுற்றியது. பழைய ஃபிலிம் என்பதால் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி வைத்தேன். ஒற்றைப்படை எனக்கு, இரட்டைப்படை அக்காவுக்கு. அவள் இரண்டாவது படத்தை எடுத்துவிட்டு உடனே கேமராவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"எங்கடா தெரியும்?"

"தெரியாது."

"அப்ப நான் எடுத்தேனா, இல்லியா?"

"எடுத்துட்டீங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது எனக்குத் தோளிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. நானும்தான் ஒவ்வொரு முறையும் தட்டிவிட்டுப் பின்பக்கம் பார்த்தேன், அங்கே கறுப்புக் கதவு மட்டும் இருந்தது. தேறியதா தேறவில்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எடுத்தது எடுத்ததுதான். கண்ணை நிமிர்த்தி எதிரில் இருப்பதைப் பார்க்க வேண்டியதுதான் மிச்ச வேலை. இத்தனை வருஷம் கல்யாண மண்டபங்களில் நான் மாப்பிள்ளையைப் பார்த்ததைவிடத் திரையைப் பார்த்ததுதான் அதிகம்.

எண் இருபத்து இரண்டு வரைக்கும் வந்தது. இருபத்து மூன்று என் முறை. கம்பம் இன்னும் அங்கேயே இருக்கிறது, கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நீ எடுத்தும் கிடைக்காமல் போன பறவையை நான் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நின்றேன். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். வெயில் ஏறியது. அக்கா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டாள். ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். வீட்டில் இன்னும் பத்துப் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது என்றாள். நான் கேமராவைக் கண்ணில் வைத்தபடி கம்பத்தையே பார்த்தேன்.

"டேய், நீயும் அவன மாதிரி ஆயிட்டியா? ஒரு காக்காவுக்காக என்னை வெயில்ல நிக்க வெச்சு... உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்ல."

திரும்பினேன். கேமரா கண்ணில்தான் இருந்தது. சிறிய ஜன்னலுக்குள் அக்காவின் முகம், புருவம் நெரித்து, வாய் பாதி திறந்து, நிஜமான கோபத்தோடு. தட்டினேன்.

அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கோபம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. மூன்று வருஷம் நான் பயந்துகொண்டிருந்தது எனக்கு உள்ளே இருந்து தெரிந்த முகத்துக்கு. நீ பார்த்தது வேறு. கோபமாக இருக்கிறாள், கால் வலிக்கிறது, ஆனாலும் போகாமல் நிற்கிறாள், எவ்வளவு அக்காவாக இருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. சிரிப்பு வந்தது. அன்றைக்கு நீயும் சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறாய். இப்போது உறுதியாகத் தெரியும்.

என்னடா எடுத்தே, அழி அதை என்று அக்கா கையை நீட்டினாள். அழிக்க முடியாது என்றேன்.

ரோலை நானே குளியலறையில் கழுவினேன். மேல் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது, மருந்து இருபது டிகிரிக்கு இறங்க வேண்டும். ஐஸ் கட்டியை எடுத்ததற்கு அம்மாவிடம் திட்டு வாங்கினேன். ஐஸ் போட்டு மருந்தைக் குளிர வைத்தால் மட்டும் போதாது, உன் தலையிலும் நாலு கட்டி வை என்று நீ சொல்வாய். வைக்கவில்லை, ஆனால் தெர்மாமீட்டர் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். எழுந்து எழுந்து போகவில்லை. நம்பமாட்டாய்.

முப்பத்தாறும் வந்திருக்கிறது. அக்கா எடுத்த பதினெட்டில் ஏழில் அவள் விரல் ஓரத்தில் தெரிகிறது. பதினொரு படத்தில் நான் இருக்கிறேன், சும்மா ஒரு ஆள், அவ்வளவு மோசமில்லை. கம்பத்தில் கடைசிவரை நீர்க்காகம் வரவே இல்லை. இருபத்து மூன்றைப் பெரிதாக பிரிண்ட் போட்டேன். சேலையூர் வீட்டு வாசலில் மாட்டுவேன் என்று மிரட்டியிருக்கிறேன். மாட்டினால் வீட்டுக்குள் விடமாட்டாளாம்.

அடுத்த ரோல் உள்ளே இருக்கிறது. கல்யாணத்துக்கு டிஜிட்டல்தான், அது தொழில். ஞாயிற்றுக்கிழமைக்கு இது. ஒற்றைப்படையில் நான் எடுக்கிறேன், இரட்டைப்படை வந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் நீட்டுகிறேன். நேற்று டீக்கடை அண்ணா எடுத்தார். ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் இடது பக்கம் கண் போகிறது. சுற்றுகிறது. பட்டறையில் மெஷினைப் போடும்போதும், யாரிடமாவது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கும்போதும்கூட, என்னை அறியாமல் இடது பக்கம் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

உன் செய்தி இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. பதிமூன்று இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் இதுதான். பதிமூன்று இல்லைடா, முப்பத்தாறும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன்.